கடைசி நாலு வரி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் பிரகாசிக்குக் காலையில் பால் காய்ச்சும்போதே பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு நெத்திலியை அலசிச் சட்டியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தபோதும் அது விடவில்லை. ரேடியோக்காரர்கள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் லியோன் முன்னறையில் சவரம் செய்துகொண்டிருந்தான். தொண்டையில் ஆபரேஷன் செய்து மூன்று வருஷமாகிறது. அவனுக்கு இப்போது குரல் கிடையாது, காற்றுத்தான் வரும். அதனால் அவனுக்குப் பதிலாக இவள் பேச வேண்டும். பொய் சொல்ல வேண்டும் என்பதில் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை, ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டுவிடலாம். ஆனால் இது பேசாமல் இருந்தே காப்பாற்றிய பொய். அதை மைக்குக்கு முன்னால் ஆரம்பம், நடு, முடிவு என்று வரிசையாகச் சொல்வது வேறு. எங்கே சறுக்கும் என்று யாருக்குத் தெரியும். நெத்திலியின் தலையைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும், வர வேண்டும், வராவிட்டால் குழம்பு கசக்கும். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அந்த நாளில் லியோன் பாடி ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரே பாட்டில் ஆண் குரலும் பெண் குரலும் அவன் ஒருவனுடையது என்றுதான் பேர், இருகுரல் லியோன் என்றால் தூத்துக்குடியில் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட யாரும் ஒரு நிமிஷம் நின்று சிரிப்பார்கள். அதில் பெண் குரல் இவளுடையது. எட்டாம் வகுப்போடு நின்ற, பதினாறு வயசில் சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணன் பின்னால் போன பிரகாசியுடையது. இதைச் சொல்லிவிட்டால் அண்ணன் ஒரே நாளில் பொய்யனாகிவிடுவான். அவனிடம் மிச்சமிருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். நெத்திலியின் கண்கள் சட்டியில் மிதந்தன. அவற்றைப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு ஒரு பழக்கம்.

நிகழ்ச்சியின் பேரே 'ஒத்தப் பாட்டு'. வாராவாரம் சனிக்கிழமை மத்தியானம் வரும். ஒரே ஒரு பாட்டை ஊர் முழுக்கப் பாடவைத்துவிட்டு அப்புறம் சத்தமே இல்லாமல் போன குழுக்களைத் தேடிப்பிடித்துப் பேச வைப்பார்கள். பிரகாசி ஒரு வாரமும் தவறவிட்டதில்லை; பாட்டுக்காக இல்லை, அந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக. மார்த்தாண்டம் பக்கம் ஒரு குழு, மழையைப் பற்றி ஒரு பாட்டு, அதைப் பாடியவர் இப்போது ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. அறந்தாங்கியில் மூன்று அக்கா தங்கைகள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிற பாட்டு, அதற்கு டவுன் பஸ்ஸே ஆடும். இப்போது மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லையாம், தனித்தனியாகத்தான் பேட்டி எடுத்தார்கள். அந்தப் பாட்டு இவளுக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் ஒருத்தி சிரித்துவிடுவாள், அதை வெட்டாமல் விட்டிருப்பார்கள், எந்தத் தங்கை சிரித்தாள் என்று மூவருமே அன்றைக்கு, நானில்லை நானில்லை என்றார்கள். ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று இரண்டு நாள் யோசித்தாள். அது போகட்டும். போன வாரம்தான் வினை. கரூர்க் குழு ஒன்று. மெட்டுப் போட்டது நான்தான் என்று ஒருவர் உட்கார்ந்து விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நேரலையில் ஒரு போன் வந்தது. "ஏன்யா, அன்னைக்கு நீ காய்ச்சல்ல படுத்துக் கிடந்தியே, உனக்குக் கஞ்சி கொண்டாந்ததே நான்தானேய்யா" என்றது போன். ரேடியோவில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு விளம்பரம் போட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம் இவளுக்குள் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே யார் போன் போடுவார்கள்? பாட்டைப் பதிந்த அந்த அறையில் இருந்தது ஐந்து பேர். மெட்டுப் போட்ட சூசை மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார். கிட்டார் சிலுவைதாசனும் போய்விட்டான். அண்ணன் இருக்கிறான், இவள் இருக்கிறாள், பேங்கோஸ் வாசித்த நாகூர்கனி எங்கே இருக்கிறார் என்று தெரியாது. காயல்பட்டினத்தில் பார்த்ததாக யாரோ சொன்னது கொரோனாவுக்கு முன்னால். அவர் ரேடியோ கேட்கிற ஆளா. கேட்டால்தான் என்ன, நல்ல மனுஷன். நல்ல மனுஷன்தான் சட்டென்று உண்மையைச் சொல்லிவிடுவான், அதுதான் பயம்.

"ஏட்டி பிரகாசி, இன்னுமா அந்த மீனோட மல்லுக்கட்டுத? நைட்டிய மாத்து. வாறவங்க என்ன நெனப்பாங்க" என்று மைனி, லியோனின் மனைவி ரெஜினா, வாசற்படியில் நின்று சொன்னாள். அவள் பட்டுச்சேலை கட்டி, தலைக்குப் பூவும் வைத்திருந்தாள். "ரேடியோவுல சேலை தெரியாது மைனி" என்றாள் இவள். "மீன் வாடையும் தெரியாதுன்னு நெனச்சிட்டியோ. மைக்குல ஏறிரும்" என்று சொல்லிவிட்டு மைனியே சிரித்தாள். நல்ல பொம்பளைதான். பிரகாசியின் புருஷன் லாஞ்சுப் படகு இன்ஜினில் கிடந்து வேலை பார்த்து ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போன பிறகு, ஒன்பது வருஷமாக இந்த வீட்டுப் பின்னறையில்தான் அவள் இருக்கிறாள், மைனி ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஆனால் மைனி இந்த வீட்டுக்கு வந்ததே அந்தப் பாட்டுக்காகத்தான். பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படிக்கும்போது ஹாஸ்டலில் பெண்கள் டேப்பைச் சுற்றி உட்கார்ந்து, இது ஆம்பளையா பொம்பளையா என்று பந்தயம் கட்டுவார்களாம். ஒரு ஆணுக்குள் இப்படி ஒரு பெண் இருந்தால் அவன் கட்டினவளைக் கண் கலங்க விடமாட்டான் என்று மைனி சொன்னாளாம். கல்யாணத்தில் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். இப்போதும் வருகிறவர்களிடம் அதைச் சொல்வாள். சொல்லும்போது லியோன் தரையைப் பார்ப்பான், அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மைனிக்குத் தெரிந்தால் என்ன செய்வாள். வெளியே போ என்று சொல்லமாட்டாள். பேசாமல் இருப்பாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அது போதாதா. பிரகாசி ஒரு நெத்திலியைத் தலையோடு கழிவில் போட்டுவிட்டு, அதைத் தேடி எடுத்தாள்.

மேடையில் அண்ணன் செய்ததைக் குறை சொல்ல முடியாது, அதுவும் உண்மைதானே, அதை மட்டும் சொன்னால் என்ன. ஆண் வரிக்கு இடப்பக்கம் திரும்பி மைக்கை இடக்கையில் பிடிப்பான், பெண் வரிக்கு வலப்பக்கம் திரும்பி வலக்கைக்கு மாற்றுவான், மாற்றுகிற அந்த ஒரு நொடியில் கண்ணும் மாறும். பனிமய மாதா திருவிழாவில் பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் இரண்டு பேர் பாடுவதாகச் சத்தியம் செய்வார்கள். கேசட் கம்பெனிக்காரர் அதைப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார். மதுரையில் ஸ்டுடியோ, ஒரு நாள், எட்டுப் பாட்டு. 'இருகுரல் லியோனும் நீலத்திரை மெல்லிசைக் குழுவும்' என்று அட்டை முன்னாலேயே அச்சாகிவிட்டது, அண்ணன் படத்தோடு. எட்டாவது பாட்டு சூசை மாஸ்டர் புதிதாகப் போட்டது. 'கரை எது, கரை எது, சொல்லு புள்ள' என்று ஆண் கேட்பான். 'நீ நிக்கிற எடந்தான் கரை, நில்லு மச்சான்' என்று பெண் சொல்வாள். அவ்வளவுதான் பாட்டு, அதையே சுற்றிச் சுற்றி. அண்ணனுக்குப் பெண் குரல் காலையில் வெறும் வயிற்றில்தான் நிற்கும், ஆண் குரல் சாயங்காலம்தான் கனக்கும். அதனால் இரண்டு மாதம் காலையில் பெண் வரிகள், சாயங்காலம் ஆண் வரிகள் என்று தனித்தனியாகப் பழகினார்கள். முழுப் பாட்டை ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசி வரை பாடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மாஸ்டருக்கே தெரிந்திருக்கும். கடைசி நாலு வரியை அவர் இரண்டு குரலும் சேர்ந்து பாடுகிற மாதிரி போட்டிருந்தார். அவன் 'கரை எது' என்று கேட்டுக்கொண்டே இருக்க, அதன் மேலேயே அவள் 'நில்லு, நில்லு' என்று பாட வேண்டும். போடும்போது மாஸ்டரின் மனசில் இரண்டு ஆள் இருந்திருக்கிறார்கள். எல்லோருடைய மனசிலும் இரண்டு ஆள்தான் இருந்திருக்கிறார்கள், லியோனின் மனசிலும். ஸ்டுடியோவில், கடைசி நாலு வரி வந்ததும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அப்போதே எழுபதைத் தொட்ட ரெக்கார்டிஸ்ட் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஏம்ப்பா, ரெண்டு பேரும் சேந்து பாடணுமின்னு எழுதியிருக்கு. இன்னொருத்தன் எங்க, ஒன் வயித்துக்குள்ளயா இருக்கான்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நாகூர்கனி மட்டும் பேங்கோஸில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவாகக் கை பட்டிருக்கும்.

ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிகிற வசதி அங்கே இல்லை. அதை ரெக்கார்டிஸ்டே சொன்னார், இவள் காதால் கேட்டாள். அதனால்தான் பயமே. அண்ணன் நேற்று இவளை உட்காரவைத்து, தொண்டையிலிருந்து காற்றை இழுத்து இழுத்து, "ட்ராக்குன்னு சொல்லு. ஆண் குரல் மொதல்ல, அதுக்கு மேல பெண் குரல். ட்ராக்" என்றான். ட்ராக், ட்ராக் என்று இவளும் சொல்லிப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அங்கே ட்ராக் இருந்ததா என்று கேட்டால்? ரேடியோவில் படித்தவர்கள் இருப்பார்கள். சரி, அன்றைக்கு என்ன நடந்ததென்றால், மாஸ்டர் சுற்றும்முற்றும் பார்த்தார், கதவோரத்தில் தூக்குவாளியோடு இவள் நின்றாள். இரண்டு மாதம் காலையில் அண்ணன் பாடும்போது தோசை சுட்டுக்கொண்டு கூடவே முனகியவள். "ஏ பிள்ள, கடைசி நாலு வரி மட்டும் சொல்லுதியா" என்றார். சொன்னாள். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, தொண்டை மாறினால் தெரிந்துவிடும், பெண் வரி முழுசும் அவளே பாடட்டும் என்றார். அண்ணன் சரி என்று தலையாட்டினான். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எத்தனை தரம் யோசித்தாலும் இவளுக்கு நினைவு வருவதில்லை, மைக்கில் சுற்றியிருந்த பழைய துணிதான் நினைவு வருகிறது. ஏதோ ஒரு பனியனைக் கிழித்துச் சுற்றின மாதிரி இருந்தது. திரும்பி வரும்போது கோவில்பட்டியில் பஸ் நின்றது. ஆளுக்கொரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கிக்கொடுத்து, "அட்டை அடிச்சாச்சி. பிள்ளைக்கும் கல்யாணம் காச்சி ஆவணும். இது நம்ம அஞ்சு பேரோட" என்றார் மாஸ்டர். எல்லோரும் கடித்துக்கொண்டே தலையாட்டினார்கள். வாயில் மிட்டாய் இருக்கும்போது கொடுத்த வாக்கு. ஏழு பாட்டையும் நாய்கூடச் சீந்தவில்லை. எட்டாவது பாட்டு டீக்கடை, சலூன், பூப்புனித நீராட்டு, படகு வெள்ளோட்டம் என்று எங்கே போனாலும் முன்னால் போய் நின்றது. அப்புறம் மேடையில் அதைப் பாட வேண்டுமே. இரண்டு மாதம் அண்ணன் குளியலறையில் நின்று பாட, இவள் வெளியே நின்று திருத்தினாள். இல்லண்ணே, அங்க மூக்குல வரக்கூடாது. இல்லண்ணே, 'நில்லு'க்கு முன்னால ஒரு மூச்சு எடுக்கணும், அது கேக்கணும். தன் குரலை அவனுக்குப் படிப்பித்துக் கொடுத்தாள். அவன் முக்கால்வாசி பிடித்துவிட்டான். கடைசி நாலு வரியை மட்டும் மேடையில் பாடாமல் நாகூர்கனி பேங்கோஸைப் பொழிந்து மூடிவிடுவார், ஜனங்கள் விசிலடிப்பார்கள். அடுத்த வருஷம் இவளுக்குக் கல்யாணமாகி மணப்பாடு போய்விட்டாள். இரண்டாவது கேசட் வந்தது, அண்ணனே இரண்டு குரலும் பாடினான், ஒருவரும் வாங்கவில்லை. மணப்பாட்டில் மாமியார் வீட்டு வாசலில் உட்கார்ந்து புருஷன் வாங்கிவந்த டேப்பில் அதைக் கேட்டாள். என்னவோ கொறையுதுட்டி, என்னன்னு சொல்லத் தெரியல, என்றார் அவர். இவள் கேசட்டைத் திருப்பிப் போட்டாள். குழு கலைந்தது என்று அம்மா கடிதம் எழுதினாள். அப்போது வந்தது துக்கமா இன்னொன்றா என்று அவளால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. பிரிக்கப் போனால் கசக்கும். அப்படியே விட்டுவிட்டாள். அன்றிலிருந்து கோயிலில்கூட வாயசைப்பதோடு சரி.

வேன் சத்தம் கேட்டபோது சட்டியில் இன்னும் ஒரு கை மீன் இருந்தது. மூடி வைத்துவிட்டு, சேலை மாற்றி, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். வந்தது இரண்டு பேர். சுபிக்ஷா என்ற சிறுவயசுப் பெண், பேசுவது அவள். தலையில் முடியே இல்லாத, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கருவியைப் பார்ப்பது அவர். லியோன் வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மைனி எல்லோருக்கும் கலர் சோடா கொடுத்துவிட்டு, ஹாஸ்டல் பந்தயக் கதையை மைக் போடுவதற்கு முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டாள். சுபிக்ஷா சிரித்து, "இத அப்புறம் மறுபடி சொல்லணும் ஆன்ட்டி" என்றாள். பிறகு மைக் பிரகாசி பக்கம் வந்தது. அது கருப்பாக, பஞ்சுத் தொப்பி போட்டுக்கொண்டு இருந்தது. பனியன் இல்லை. மாஸ்டர், மதுரை, அட்டை, எட்டுப் பாட்டு எல்லாம் சொன்னாள், தடங்கலில்லாமல் வந்தது, அவளுக்கே ஆச்சரியம். சுபிக்ஷா கேட்டாள்: "அக்கா, கடைசி நாலு வரியில ரெண்டு குரலும் ஒண்ணா வருதே. அது எப்படிக்கா?" ட்ராக் என்றாள் இவள். மொட்டைத்தலைக்காரர் நிமிர்ந்தார். "எம்பத்தெட்டுல அங்க ட்ராக் போடுற மிஷின் இருந்திச்சாம்மா? எனக்குத் தெரிஞ்சு கெடையாதே" என்றார் சாதாரணமாக. ரேடியோவில் ஒன்றும் கேட்காமல் போன அந்தக் கொஞ்ச நேரம் இதுதான் என்று தோன்றியது, உள்ளேயிருந்து பார்த்தால் இது அவ்வளவு ஒன்றும் நீளமில்லை. "எனக்கென்ன சார் தெரியும். சாப்பாட்டுத் தூக்கோட கதவுகிட்ட நின்னேன். எட்டாங்கிளாஸோட நின்னவ. அவுக என்னமோ ட்ராக்கு ட்ராக்குன்னாக, நானும் அதையே சொல்லுதேன்" என்றாள். மைனி சிரித்தாள், சுபிக்ஷாவும் சிரித்தாள். அவரும், "சரிதான், வெளியூரு மிஷின் ஏதாவது கொண்டாந்திருப்பாங்க" என்று கருவியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். படிக்காதது இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு உதவி செய்தது. அதோடு முடிந்தது என்று அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒரே ஒரு ஆசைக்கா. அந்தப் பொண்ணு வரிய நீங்க ரெண்டு வரி பாடணும். சார் பாட முடியாதுல்ல, வீட்டு ஆளு குரல்ல வந்தா நல்லாருக்கும்" என்றாள் சுபிக்ஷா. "யாரு, இவளா? பூசையிலயே வாயத்தான் அசைப்பா, சத்தம் வந்து யாரு கேட்டா" என்றாள் மைனி. மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கெஞ்சுவார்கள், மைனி தோளைப் பிடித்து உலுக்குவாள், எதற்கு இவ்வளவு பிகு என்று அந்த மொட்டைத்தலை யோசிக்கும். பாடினால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். ஐம்பத்திரண்டு வயசில் குரல் தடித்திருக்கும், ஆனால் 'நில்லு'க்கு முன்னால் அந்த மூச்சு இருக்குமே. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. பாடினாள். ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் ஒரு விரற்கடை கீழேயே நின்றாள், 'கரை'யை மூக்கால் இழுத்தாள், மூச்சே எடுக்காமல் 'நில்லு'வைத் தாளத்துக்கு முந்திப் போட்டாள். தப்பாகப் பாடுவதற்குச் சரியான இடம் ஒவ்வொன்றும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது, ஒவ்வொன்றையும் தொடாமல் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு காரியமும் செய்ததில்லை. "நான் சொல்லல?" என்றாள் மைனி சந்தோஷமாக. சுபிக்ஷா கையைத் தட்டி, "பரவால்லக்கா, நம்ம சாரோட பொண்ணு குரல் யாருக்கு வரும்" என்றாள். லியோன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மொட்டைத்தலைக்காரர் மட்டும், "ஆட்டோ சத்தம் விழுந்திருச்சி, இன்னொரு தடவ பாடுங்கம்மா" என்றார். பாடினாள். அதே இடத்தில் விரற்கடை கீழே, அதே இடத்தில் மூக்கு, அதே இடத்தில் முந்தல். அவர் ஒரு காதிலிருந்து ஹெட்போனை இறக்கினார். "என்னம்மா, முந்தி பாடினத அச்சடிச்ச மாதிரியே பாடுறீங்களே. ஒரு இம்மி மாறலயே" என்று அவளையே பார்த்தார். பாட வராதவள் ஒரே தப்பை இரண்டு தரம் செய்யமாட்டாள். காலையிலிருந்து எத்தனையோ பயந்தும் இந்த ஒன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "எங்க, இன்னொரு தடவ பாடுங்க பாப்பம்" என்றார். பிரகாசி தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஏற வேண்டிய இடத்தில் இந்தத் தடவை தாண்டி ஏறினாள், இறங்கும்போது வழுக்கினாள், நடுவில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அதைத் தேடுகிறவள் மாதிரி மைனியைப் பார்த்தாள், தாளம் போய் வெகுநேரம் கழித்து 'நில்லு' என்றாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.